கையெழுத்துப் போடும் முன் தெரிய வேண்டிய நான்கு சொற்கள்

 

ஆங்கிலம் படிக்காதவர்கள்கூட நம் வீடுகளில் சில ஆங்கிலச் சொற்களைத் தாராளமாகப் புழங்குகிறோம். "பாங்கில் நாமினி யார்?", "மச்சானுக்கு கியாரண்டர் கையெழுத்துப் போட்டேன்", "சவுதியில் இருக்கும் மகன் பவர் கொடுத்திருக்கிறான்" என்றெல்லாம் பேசுகிறோம். ஆனால் அவற்றின் சரியான பொருள் தெரியாததால் குடும்பங்கள் பிரிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எனவே இந்த இதழில் நான்கு சொற்களை விளக்குகிறோம்.

1. நாமினி

'பெயர் குறிக்கப்பட்டவர்' என்பதே இதன் நேர்ப்பொருள். 'பணத்துக்கு உரியவர்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

சில காலத்துக்கு முன் ஒரு சகோதரி மூன்று பிள்ளைகளுடன் நம்மிடம் வந்தார். கணவர் திருமணத்துக்கு முன்பே கணக்குத் தொடங்கி, தம்பியை நாமினியாகப் போட்டிருந்தார். பிறகு மாற்றவே இல்லை. அவர் மவுத்தானதும் பணம் தம்பி கைக்கு வந்தது. "அண்ணன் என் பெயரைத்தானே எழுதினார், அதனால் எனக்குத்தான்" என்று தம்பி நம்பினார். அவர் கெட்டவர் அல்ல. அந்தச் சொல்லை அப்படித்தான் புரிந்துவைத்திருந்தார்.

வங்கிக் கணக்கின் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர் மட்டுமே. அதன் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பங்குகள் விஷயத்திலும் 2023-ல் இதே கருத்தைச் சொன்னது. நமக்குத் தெரிந்த சொல்லில் சொன்னால், நாமினியின் கையில் இருப்பது அமானத். அதை உரியவர்களிடம் சேர்ப்பது அவர் கடமை.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் கவனம் தேவை. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் 2015-ல் வந்த சட்டத் திருத்தம் அவர்களுக்குக் கூடுதல் உரிமை தருகிறது. அதில் வழக்கறிஞரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

2. லீகல் ஹேர்

இதுதான் வாரிசு. 'வாரிஸ்' என்ற அரபுச் சொல்லே தமிழில் வாரிசு ஆனது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நம் வாரிசுரிமையை இந்திய நீதிமன்றங்களும் மார்க்க முறைப்படியே பார்க்கின்றன.

மேலே சொன்ன குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். இறந்தவருக்குப் பெற்றோர் இல்லை. மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் உண்டு. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக 8 லட்சம் ரூபாய் மீதி என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 1 லட்சம். மீதி 7 லட்சத்தில் மகனுக்கு மூன்றரை லட்சம், மகள்களுக்குத் தலா 1 லட்சத்து 75 ஆயிரம். மகன் இருப்பதால் தம்பிக்குப் பங்கு இல்லை. இதை ஆலிம் ஒருவர் எடுத்துச் சொன்னதும் தம்பி பணத்தை அண்ணியிடம் ஒப்படைத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

வாரிசுச் சான்றிதழை தாசில்தார் தருகிறார். ஸ்ரீரங்கம், திருச்சி கிழக்கு, மேற்கு என எந்த வட்டமானாலும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். யார் யார் வாரிசு என்பதைத்தான் அது காட்டும்; யாருக்கு எவ்வளவு என்று அதில் இராது.

3. கியாரண்டர்

சில படிவங்களில் 'சுரிட்டி' என்றும் இருக்கும். நம் சொல் ஜாமீன். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று கேட்பார்கள். ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதப்படாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் கடன்காரரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வர வேண்டும் என்ற கட்டாயம்கூட வங்கிக்கு இல்லை. அந்தத் தொகையை நம்மால் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். முடியாது என்று மரியாதையாகச் சொல்வதில் தவறில்லை.

4. பவர் ஆஃப் அட்டர்னி

நமக்காக இன்னொருவர் செயல்பட நாம் தரும் அதிகாரம் இது. 'வக்காலத்து' என்ற சொல்லின் பொருளும் இதுவே. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது உதவியாக இருக்கும். ஆனால் பவர் வாங்கியவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. பொதுவாக, கொடுத்தவர் மவுத்தானால் பவரும் முடிந்துவிடும். பவர் பத்திரத்தை மட்டும் வைத்து மனை வாங்குவது சொத்துரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. விலை குறைவு என்று அப்படி வாங்கி ஏமாற வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது

இந்த வாரமே வீட்டிலுள்ள பாஸ்புக்குகளையும் பாலிசிகளையும் எடுத்து, நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் எழுதியதையும், மவுத்தானவர் பெயர் உள்ளதையும் மாற்றுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். நாமினியாகப் போடுகிறவரிடம், அது அமானத் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பொருள் புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று வாங்கி வாருங்கள். திருச்சி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம். நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாலும் படித்து விளக்கக் காத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உரியவருக்கு உரியதைச் சேர்ப்பிக்கும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.