காய்ச்சல் விட்டு மறுபடி வந்தால்

ஐப்பசி மழை இறங்கியதும் செய்யூர்ப் பக்கத்து உப்பளங்களில் வேலை நின்றுபோகும். வீட்டுக்கு வீடு இருமல் கேட்கத் தொடங்கும். நம் கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இன்ஃப்ளுயன்சா அதிகம் பரவுகிறது. பெரும்பாலோருக்கு நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டுவிடும். சிலருக்கு மட்டும், தேறிவரும் வேளையில் குளிர் நடுக்கத்தோடு மறுபடி ஏறும். பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது காய்ச்சலுக்குத்தான்.

வைரஸ் திறந்துவிடும் வழி

மூச்சுக்குழாயின் உட்புறத்தில் நுண்ணிய இழைகள் ஓயாமல் அசைந்து சளியையும் கிருமிகளையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த இழைகள் கொண்ட செல்களை வைரஸ் அழித்துவிடுகிறது. கிருமிகளை விழுங்கும் அணுக்களும் சில நாட்கள் சோர்ந்துபோகின்றன. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருந்த நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன.

1918 இன்ஃப்ளுயன்சா கொள்ளைக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் காய்ச்சலில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களின் நுரையீரல் திசுக்களை மறுபடி ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் தடயம் இருந்தது. அன்று ஆன்டிபயாட்டிக் இல்லை. அது தாராளமாகக் கிடைத்த 2009லும், எச்1என்1 காய்ச்சலில் இறந்த 77 பேரின் திசுக்களை அமெரிக்காவில் பரிசோதித்தபோது 22 பேரிடம் பாக்டீரியா தொற்று தெரிந்தது.

ஐசியூவில் நடப்பது

வைரஸ் மட்டுமே தாக்கினாலும் எக்ஸ்ரேயில் நுரையீரல் வெளுத்துத்தான் தெரியும். பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறதா என்று அறிய, சளியையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்கிவிட்டு, பிறகு முடிவைப் பார்த்து மாற்றுவார்கள், அல்லது நிறுத்துவார்கள். மருந்தை மாற்றினால் உறவினர்கள் கலங்க வேண்டாம். முடிவு வரும் முன்பே மருந்தைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: ஸ்டெஃபைலோகாக்கஸ் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். திடகாத்திரமான இளைஞரைக்கூட ஓரிரு நாளில் சாய்த்துவிடும்.

வென்டிலேட்டர் குழாய் போட்டு 48 மணி நேரம் கடந்தால் இன்னொரு ஆபத்து: அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற, மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமிகள். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும், நோயாளியின் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் இதைத் தடுக்கத்தான். பார்க்கப் போகிறவர்கள் கை கழுவாமல் தொடக்கூடாது.

மெடிக்கலில் வாங்கும் மாத்திரை

முதல் நாள் காய்ச்சலுக்கே மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் விழுங்கும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். அது வைரஸைக் கொல்லாது; கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கிவிடும். முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, ஆஸ்துமா உள்ளவர் ஆகியோர் முதல் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மருந்து தேவையா என்று அவர் முடிவெடுப்பார்.

எப்போது கிளம்ப வேண்டும்?

விட்ட காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, சளியில் துருநிறமோ ரத்தமோ தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். செய்யூரிலிருந்து மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நெடுந்தூரம் போக வேண்டும். 108ஐ அழையுங்கள்.

தடுப்பூசி

நிமோகாக்கஸுக்கான தடுப்பூசி 2021 முதல் தமிழக அரசின் இலவச அட்டவணையில் இருக்கிறது: குழந்தைக்கு 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம். பெரியவர்களுக்கான ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும், மழைக்கு முன்பே, டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.