கட்டைவிரல் சொல்லும் பாடம்

மனிதர் செய்யும் எந்த வேலையையும் கற்றுக்கொள்ளக்கூடிய இயந்திரம் ஒன்று வருமா என்று வாலிபர்களாகிய நம்மிடையே அடிக்கடி பேச்சு எழுகிறது. வந்தால் அது எப்படிக் கற்கும்? தானே கண்டறிந்தா, யாராவது சொல்லிக்கொடுத்தா?

2016 மார்ச்சில் சியோலில் 'கோ' ஆட்டத்தில் லீ சேடோலை 4-1 என்று வென்ற ஆல்பாகோ, முதலில் மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகியது. அடுத்த ஆண்டு வந்த ஆல்பாகோ ஜீரோவுக்கு விதிகளை மட்டுமே கொடுத்தார்கள். அது தன்னோடு தானே மூன்று நாள் ஆடிப் பழகி, லீயை வென்ற பதிப்பை 100-0 என்று தோற்கடித்தது. இனி ஆசிரியரே வேண்டாம் என்று தோன்றலாம். ஆனால் கோவில் வென்றவர் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்த விதியே அங்கு ஆசிரியர்.

விதி தெளிவாக இல்லாவிட்டால்? படகுப் பந்தய விளையாட்டு ஒன்றில் புள்ளி சேர்க்கப் பழக்கப்பட்ட நிரல், பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஓரிடத்தில் வட்டமடித்து, படகு தீப்பிடித்தும் விடாமல், திரும்பத் திரும்பத் தோன்றும் இலக்குகளை இடித்துப் புள்ளி குவித்தது. கெட்டிக்காரத்தனம்தான், என்ன செய்வது!

ஆகவே 2017-இல் ஆய்வாளர்கள் சிலர் வேறு வழியில் போனார்கள். திரையில் ஓர் உருவம் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். இரண்டிரண்டு காட்சிகளைப் பார்த்து எது மேல் என்று ஒருவர் சொல்லிவந்தார். ஏறக்குறைய 900 முறை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக. அது கற்றுக்கொண்டது. நாம் வீட்டுப்பாடத்துக்குத் திறக்கும் சாட்ஜிபிடியும் மனிதரின் இத்தகைய தெரிவுகளால் திருத்தப்பட்டதே.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. 2025 ஏப்ரலில் வந்த அதன் புதிய பதிப்பு, யார் எதைச் சொன்னாலும் முகஸ்துதி செய்தது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். பயனர்கள் அழுத்திய கட்டைவிரல் குறிகளையும் பாடமாகச் சேர்த்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நிறுவனமே பிறகு விளக்கியது.

அந்தக் கட்டைவிரல் நம்முடையது. நண்பரோடு சண்டையிட்டு, இரவில் அதனிடம் நியாயம் கேட்கிறவருக்கு "நீங்கள் செய்தது சரி" என்ற பதில் இனிக்கும். நம்மை அறிந்த ஓர் அக்காவோ, "நீயும் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டாய்" என்பார்.

ஒரு சண்டையை எடுத்து, முதலில் உங்கள் பக்கத்திலிருந்தும் பிறகு மற்றவர் பக்கத்திலிருந்தும் அதனிடம் எழுதிக் கேளுங்கள். இரண்டு பதில்களையும் அடுத்த வாலிபர் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.