ஒரு பெயருக்கு விழுந்த வாக்கு: மாத்தளைக் கணக்கு

இலங்கையின் 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலில் மாத்தளை மாவட்டம் கோட்டாபய ராஜபக்சவுக்கு அளித்த வாக்குகள் 187,821. வீதத்தில் 55.37. நாடு முழுவதும் அவர் பெற்றது 52.25 வீதம். அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றிராதவர் அவர். 2020 ஆகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய பொதுஜன பெரமுன இதே மாவட்டத்தில் 188,779 வாக்குகள் (65.53 வீதம்) பெற்று, 5 ஆசனங்களில் 4ஐ எடுத்தது.

வாக்கால் வந்தவரைச் சர்வாதிகாரி என்று சொல்ல முடியாது. ஆனால் 2018இல் அவருக்கு ஆசி வழங்கிய அஸ்கிரிய பீடத்தின் மூத்த பிக்கு ஒருவர், ஹிட்லராக மாறியாவது நாட்டைக் கட்டியெழுப்புமாறு அவரிடம் கூறினார். இரும்புக் கை வேண்டும் என்ற ஆசை ஊரில் முன்பே இருந்தது.

வரவு

முதல் வரவு, 2009 உள்நாட்டுப் போர் வெற்றியின்போது பாதுகாப்புச் செயலாளர் என்ற பெயர். இரண்டாவது, அச்சம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஐந்தாம் நாளே போட்டியிடுவேன் என்றார் கோட்டாபய. மூன்றாவது, எளிமை. பதவியேற்றதும், அரச அலுவலகங்களில் தம் படத்தை மாட்டவேண்டாம், அரச இலச்சினை போதும் என்று பணித்தார். படம் வேண்டாம் என்றதே அவருக்குப் பெரிய விளம்பரமாயிற்று.

அதே ஆள், அதே பிரசாரம், யாழ்ப்பாணத்தில் 6.24 வீதம். கவர்ச்சியில் பாதி, பார்ப்பவர் பட்டதையும் பயந்ததையும் பொறுத்தது.

மாத்தளைக்கு அவர் புதியவருமல்லர். 1989இல், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சிக் காலத்தில், இம்மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரி அவரே. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவை 1980களின் இறுதிக்குரியவை என்றது ஓர் ஆய்வு. 1950க்கு முந்தியவை என்றது பின்னர் வந்த அமெரிக்க ஆய்வக அறிக்கை. மனித உரிமைக் குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார். இந்தப் பழைய ஏடு 2019இல் வாக்கைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

செலவு

• 2019 டிசம்பர்: பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைப்பு. கைதட்டல் பலம், திறைசேரி காலி.
• 2020 செப்டம்பர்: ஹல்துமுல்லயில், தம் வாய்மொழியையே சுற்றறிக்கையாகக் கொள்ளும்படி அதிகாரிகளுக்கு உத்தரவு.
• 2020 ஒக்டோபர்: 156 வாக்குகளால் அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம். ஜனாதிபதியைக் கட்டுப்படுத்திய கடிவாளங்கள் தளர்ந்தன.
• 2021 மே: இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் பின்வாங்கல். நெல் விவசாயிகளுக்கு 2022 ஜனவரியில் அறிவித்த நட்டஈடு மட்டும் 4,000 கோடி ரூபா.
• 2022 ஏப்ரல் 12: வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்ற அறிவிப்பு.
• 2022 செப்டம்பர்: கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், உணவில் 94.9.

மாவட்டத்துக்குள் வந்து பார்ப்போம். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றும் லொறி கொழும்புக்குச் சுமார் 150 கிலோமீற்றர் ஓடவேண்டும். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் என்று வைத்தால் 30 லீற்றர் டீசல். 2021 தொடக்கத்தில் லீற்றர் 104 ரூபா, செலவு 3,120. 2022 ஜூன் இறுதியில் லீற்றர் 460, செலவு 13,800. ஒரு வழிக்கு மட்டும் 10,680 ரூபா கூடுதல். அதில் ஒரு பங்கு விவசாயி தலையிலும் மறுபங்கு வாங்குபவர் தலையிலும் விழுந்தது.

மீதி

2022 ஜூலை 13 அன்று, மக்கள் போராட்டத்தின் நடுவே, கோட்டாபய நாட்டை விட்டுப் போனார். 2020இல் 6,853,690 வாக்குகள் பெற்ற பெரமுன, 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் பெற்றது 350,429, ஆசனம் 3.

மாத்தளையில் அதே தேர்தலில் தேசிய மக்கள் சக்தி பெற்றது 181,678 வாக்குகள்: 66.16 வீதம், 5 ஆசனங்களில் 4. நான்கு ஆண்டுக்கு முன் பெரமுன பெற்றதைவிட 7,101 வாக்குகளே குறைவு. ஆக, அந்தப் பெருந்தொகை கோட்டாபயவின் சொத்தாக இருக்கவில்லை. மாவட்டத்தின் நம்பிக்கைக் கைமாற்று அது. இன்று வைத்திருப்பவரின் சொத்தும் அல்ல.

தலைவரை விரும்புவதில் தவறில்லை. அவர்மீதுள்ள விருப்பத்தைக் காட்டிச் சட்டத்தின் கடிவாளத்தை யாராவது கழற்ற வந்தால், அந்த ஒரு பதிவை மட்டும் எழுத விடாதீர்கள்.