நாலு பழம், ஒரு கறுப்புத் திரை

ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும், பல பதிப்புகளில், திரையின் மேல் ஓரத்தில் நாலு ராஸ்பெர்ரிப் பழங்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றின் கீழே எழுத்துகள் மளமளவென்று ஓடும். முதல் மாடலில் ஒரே ஒரு பழம்தான். பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு கணக்கு. பிராசசரில் எத்தனை கோர்கள் உண்டோ, அத்தனை பழங்கள். மற்ற லினக்ஸ் கணினிகளில் பழம் இருக்கும் இடத்தில் டக்ஸ் என்ற பென்குயின் உட்கார்ந்திருக்கும்.

அந்த நேரத்தில் டெஸ்க்டாப் இல்லை, மவுஸ் இல்லை, படம் வரையும் மென்பொருள் எதுவும் இன்னும் எழுந்திருக்கவில்லை. பிறகு பழத்தை வரைந்தது யார்? லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலேதான். அதற்கு அது பயன்படுத்தும் பலகையின் பெயர் ஃபிரேம்பஃபர்.

பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. மெமரியில் ஒரு நீளமான துண்டு. அதில் எழுதப்படும் ஒவ்வொரு எண்ணும் திரையில் ஒரு புள்ளியின் நிறம். லினக்ஸில் அது 'எஃப்பி0' என்ற கோப்பாகவே காட்சி தரும். கண்டபடி எண்களை அந்தக் கோப்பில் கொட்டினால் திரை முழுக்க வண்ணப் பொரி சிதறும். கோப்பை நகலெடுத்தால் திரையின் படம் கையில் இருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மெமரிக்கு வரிசை, பத்தி எதுவும் தெரியாது. தறியில் நாடா இழுத்துப் போகும் ஊடை நூலை நினைத்துக்கொள்ளலாம். நூல் ஒன்றுதான், கரையில் எங்கே திரும்புகிறது என்பதுதான் துணியின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு வரிக்கு இத்தனை பைட் என்பதைத் திரையை இயக்கும் டிரைவர் தப்பாகக் கணக்கிட்டால், புட்டாக்கள் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் நகர்ந்து, படம் முழுதும் சாய்ந்துபோகும். நிறங்களின் வரிசை மாறினால் சிவப்பு நீலமாகும். மனித முகங்கள் நீலம் பூத்துத் தெரியும். 16 பிட் நிறத்தில் சிவப்புக்கு 5, நீலத்துக்கு 5, பச்சைக்கு மட்டும் 6 என்று பங்கு பிரிப்பதே வழக்கம். நம் கண் பச்சையின் சாயல்களை நுட்பமாகப் பிரித்தறியும் என்பதால் கிடைத்த சலுகை அது.

பழைய பிசிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். எந்த இடத்தில் எந்த எழுத்து என்று சொன்னால் போதும், உருவத்தை வீடியோ கார்டே போட்டுவிடும். மொத்தம் 4,000 பைட்டில் காரியம் முடிந்தது. அமிகா, அடாரி போன்ற மோட்டரோலா 68000 வகைக் கணினிகளில் அப்படியொரு எழுத்து முறையே கிடையாது. லினக்ஸை அவற்றுக்குக் கொண்டுபோனவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைய வேண்டியிருந்தது. பெல்ஜியத்தின் ஹேர்ட் ஆய்ட்டர்ஹூவன் போன்றவர்கள் வளர்த்த அந்த ஏற்பாடுதான் 1999 ஜனவரியில் வெளியான 2.2 கெர்னலில் பிசிக்காரர்களுக்கும் வந்து சேர்ந்தது.

அந்தத் தலைமுறை மனப்பாடமாக வைத்திருந்த எண் 791. கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் 'விஜிஏ=791' என்று எழுதினால் 1024க்கு 768 புள்ளி, 16 பிட் நிறம். இதற்குத் தேவையான மெமரி 15,72,864 பைட். ஒரு நிபந்தனை: கெர்னல் முழுதாக விழிக்கும் முன்பே, கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸைக் கேட்டு இந்த அளவை வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு அளவு வேண்டுமானால் கணினியை நிறுத்தித் திரும்பவும் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

சொந்தமாகக் கெர்னலைத் தயாரிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் 'மெனுகான்ஃபிக்' என்ற நீளமான பட்டியல். பெரும்பாலான டிரைவர்களுக்கு மூன்று வழி உண்டு: கெர்னலுக்குள்ளேயே சேர்க்கலாம், தனித் துண்டாக வைக்கலாம், விட்டுவிடலாம். இடம் மிச்சமாகட்டும் என்று திரை டிரைவரைத் தனித் துண்டாக்கி, உள்ளே வேறு எளிய டிரைவரும் வைக்காமல் விட்டால், துண்டு ஏற்றப்படும்வரை திரை கறுப்புதான். அந்தத் துண்டு கிடக்கும் வட்டையே கெர்னலால் திறக்க முடியவில்லை என்றால்? என்ன பிழை என்று சொல்லக்கூட அதற்கு வாய் இல்லை. இன்னொரு மறதியும் சகஜம். திரை டிரைவரைச் சேர்த்துவிட்டு, அதன் மேல் எழுத்துகளை வரையும் ஃபிரேம்பஃபர் கன்சோலை விட்டுவிடுவது. விளக்கு எரியும், எழுத்து வராது.

இன்றைய கணினியில் டிரைவர்கள் கைமாறுகின்றன. முதலில், பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ தந்த சாதாரண ஃபிரேம்பஃபர். சில நொடிகளில் இன்டெல், ஏஎம்டி சிப்புக்கே உரிய டிரைவர் வந்து அதை வெளியேற்றிவிட்டு அமரும். பூட்டாகும்போது திரை ஒருமுறை கண் சிமிட்டுவது இதனால்தான். அந்தக் கைமாற்றத்தில் திரை இருண்டால் 'நோமோட்செட்' என்ற ஒற்றைச் சொல்லைப் பூட் வரியில் சேர்த்துத் தப்பிக்கலாம். திரையின் அளவைக் கெர்னலே தீர்மானிக்கும் இந்த முறை இன்டெல் சிப்புகளுக்கு 2009 மார்ச்சில் 2.6.29 பதிப்போடு வந்தது. அந்தப் பதிப்பில் பென்குயினுக்கு விடுமுறை; முகப் புற்றுநோயால் அழிந்துவரும் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கை நினைவூட்ட, அதன் படம் அங்கே இடம்பெற்றது.

பழைய ஃபிரேம்பஃபர் முறைக்குப் புதிய டிரைவர்கள் வேண்டாம் என்று 2015இல் அதன் பராமரிப்பாளரே சொல்லிவிட்டார். 2020இல், ஷிஃப்டையும் பேஜ்அப்பையும் அழுத்தி ஓடிப்போன வரிகளைத் திரும்பப் பார்க்கும் வசதி, பாதுகாப்புக் குறை காரணமாக நீக்கப்பட்டது. இருபது ஆண்டுப் பழக்கத்தில் விரல்கள் இன்னும் அந்தப் பொத்தான்களைத் தேடுகின்றன.

தமிழுக்கு இந்தப் பலகையில் இன்னும் இடமில்லை. புள்ளிகளால் எதையும் வரையலாம் என்றாலும், கெர்னல் கன்சோலின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் அடங்காது. அது விஜிஏ கார்டு காலத்து எல்லை. அதைவிடப் பெரிய குறை, 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி ககரத்துக்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்க வேண்டும் என்பது கன்சோலுக்குத் தெரியாது. தமிழில் பெயரிட்ட கோப்புகளை அங்கே பட்டியலிட்டால் ஒரே மாதிரியான குறிகள் வரிசையாக நிற்கும். டெஸ்க்டாப் எழுந்த பிறகு பார்த்தால் அதே கோப்பின் பெயர் பத்திரமாக இருக்கும்.