ஸ்டில் நோய்: விலக்கலின் வழியே ஒரு நோயறிதல்

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதம் முதல் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் காய்ச்சலோடு வருவோரின் வரிசை நீண்டுவிடும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபசும் அந்த வரிசைக்கு முதன்மையான காரணங்கள். கேரளத்தின் தென்கோடி மக்களோடு கன்னியாகுமரி மாவட்டத்தாரும் நாடிச் செல்லும் இந்நகரில், எந்தக் கிருமியும் அகப்படாமல் வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலோடு வரும் அபூர்வமான சிலருக்கு இருப்பது ஸ்டில் நோயாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே பெரியவர்களிடம் தோன்றும் இந்நோயை, இத்தனை காய்ச்சல்களுக்கு நடுவே மருத்துவர்கள் எவ்வாறு இனங்காண்கிறார்கள் என்பது நோயறிதலின் தர்க்கத்தையே விளக்கும் ஒரு பாடம்.

ஸ்டில் நோய் தன்னழற்சி நோய்கள் என்னும் தொகுதியைச் சேர்ந்தது. உடலின் எதிர்ப்பாற்றலில் பிறவியிலேயே அமைந்து உடனடியாகச் செயல்படும் அடுக்கு ஒன்றும், கிருமிகளைக் கண்டு பழகி எதிர்ப்பொருள்களை உருவாக்கும் அடுக்கு ஒன்றும் உண்டு. லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் இரண்டாம் அடுக்கு உடலின் சொந்தத் திசுக்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. தன்னழற்சி நோய்களிலோ கிருமி ஏதும் இல்லாதபோதே முதல் அடுக்கு கிளர்ந்தெழுந்து, இன்டர்லூகின் எனப்படும் அழற்சிப் புரதங்களை வெளியிட்டுக் காய்ச்சலையும் வீக்கத்தையும் மூட்டுகிறது. பரம்பரைக் காய்ச்சல் ஒன்றுக்குக் காரணமான மரபணு மாற்றம் 1999இல் கண்டறியப்பட்டபோது இத்தொகுதிக்குத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. அதில் அடங்கும் சில நோய்களை மரபணுச் சோதனையால் உறுதிசெய்ய முடியும். குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சலுக்குரிய மரபணு 1997இலேயே தெரியவந்துவிட்டது. ஸ்டில் நோய்க்கோ அத்தகைய ஒற்றை மரபணுவும் இல்லை, குறிப்பான எதிர்ப்பொருளும் இல்லை. ஆகவே அதனை உறுதிசெய்யும் ஒற்றைச் சோதனையும் இல்லை.

லண்டனில் குழந்தை மருத்துவராக இருந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் 1897இல் குழந்தைகளிடம் இந்நோயை விவரித்தார். அதே தோற்றம் பெரியவர்களிடமும் உண்டு என்பதை 1971இல் எரிக் பைவாட்டர்ஸ் காட்டினார். அதன்பின் பதினாறு வயதுக்குக் கீழே தோன்றுவது ஒரு நோயாகவும் மேலே தோன்றுவது வேறொரு நோயாகவும் நெடுங்காலம் வகைப்படுத்தப்பட்டன. இந்தப் பிரிவினைக்கு நோயின் இயல்பைவிடக் குழந்தை மருத்துவமும் பொது மருத்துவமும் தனித்தனித் துறைகளாக வளர்ந்ததே பெரிய காரணம். திருவனந்தபுரத்திலும் 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் வளாகத்தில் குழந்தைகளை எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் பெரியவர்களை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கவனிக்கின்றன. இரண்டும் ஒரே நோய்தான் என்று ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகளின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் ஏற்றுக்கொண்டன.

பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படுவது 1992இல் ஜப்பானில் யமாகுச்சி குழுவினர் வகுத்த அளவுகோல். ஒரு வாரத்துக்கேனும் 39 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் எழும் காய்ச்சல், இரண்டு வாரமாவது நீடிக்கும் மூட்டுவலி, இந்நோய்க்கே உரிய தோல்தடிப்பு, இரத்த வெள்ளணுக்கள் 10,000க்கு மேல் உயர்ந்து அவற்றில் நூற்றுக்கு எண்பது பங்கேனும் துகளணுக்களாக இருத்தல் ஆகிய நான்கும் முதன்மைக் கூறுகள். தொண்டைவலி, நிணநீர்க்கணு அல்லது மண்ணீரல் வீக்கம், கல்லீரல் சோதனைகளில் மாறுதல், முடக்குவாதக் காரணியும் உட்கரு எதிர்ப்பொருளும் இல்லாமை ஆகியவை துணைக் கூறுகள். இவற்றுள் ஐந்து அமைந்து, அவற்றில் இரண்டேனும் முதன்மைக் கூறுகளாக இருந்தால், தொற்றும் புற்றும் பிற வாதநோய்களும் இல்லையென்று தெளிந்த பிறகே நோயாளி இவ்வகையில் சேர்க்கப்படுவார்.

இந்த அளவுகோல் வகைப்பாட்டுக்காக, அதாவது ஆய்வுகளில் ஒத்த நோயாளிகளை ஒன்றுசேர்ப்பதற்காக, உருவானது என்பதை மறந்துவிடலாகாது. நோயுள்ளவர்களில் 96 விழுக்காட்டினரை அது பிடித்தது. நோயில்லாதவர்களில் 92 விழுக்காட்டினரைச் சரியாக ஒதுக்கியது. சிறப்பாகத் தோன்றும் இந்த எண்கள் அரிய நோயொன்றில் ஏமாற்றக்கூடியவை. காய்ச்சலோடு வரும் ஆயிரம் பேரில் ஐவருக்கே ஸ்டில் நோய் இருப்பதாகக் கொண்டால், அளவுகோல் அந்த ஐவரையும் பிடிக்கலாம். ஆனால் மீதமுள்ள 995 பேரில் நூற்றுக்கு எட்டுப் பேர் வீதம் ஏறத்தாழ எண்பது பேரையும் தவறாகச் சேர்த்துவிடும். விலக்கும் நிபந்தனை பட்டியலின் கடைசியில் நின்றாலும் நோயறிதலின் பெரும்பகுதி உழைப்பு அதிலேயே அடங்கியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த உழைப்பின் வடிவம் இடத்துக்கு இடம் மாறுபடும். ஸ்டில் நோயைப் போலவே வெள்ளணுக்களையும் கல்லீரல் நொதிகளையும் உயர்த்தும் எலிக்காய்ச்சலைக் கேரளத்தில் எந்த மருத்துவரும் முதலில் நினைத்தாக வேண்டும். டெங்குவில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைவது வழக்கமாதலால் அதனைப் பிரித்தறிவது சற்று எளிது. ஸ்க்ரப் டைபசுக்கு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மறைந்திருக்கும் கறுத்த பொருக்குப் புண்ணைத் தேடுகிறார்கள். அந்நோயாயின் டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டொரு நாளில் காய்ச்சல் தணிவதும் ஒரு சான்று. காசநோயும் இதய வால்வுத் தொற்றும் இரத்த வளர்ப்புச் சோதனை, எக்கோ, ஸ்கேன் ஆகியவற்றால் ஆராயப்படுகின்றன. நிணநீர்ப் புற்றான லிம்போமாவை விலக்கக் கணுவிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ திசு எடுத்துப் பார்க்க நேரலாம். அதற்குமுன் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் புற்றின் அடையாளங்கள் மங்கிவிடக்கூடும் என்பதால் மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை.

விலக்கலுக்குத் துணைநிற்கும் நேர்க்குறிகளும் உண்டு. காய்ச்சல் பெரும்பாலும் மாலையில் ஏறித் தானே இறங்கும். அதனோடு தோன்றி அதனோடு மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு கருநிறத் தோலில் எளிதில் புலப்படாது என்பதால், நம் நாட்டில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் வேளையிலேயே உடலைப் பரிசோதிப்பதும், தடிப்பைக் கண்டதும் படமெடுத்து வைப்பதும் பயன் தரும். இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்னும் புரதம் இந்நோயில் இயல்பின் உச்ச வரம்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் உயர்வதுண்டு. ஆயினும் கடுமையான டெங்குவிலும் அது ஏறும். எனவே தனித்து நின்று எதையும் அது நிறுவாது.

ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறும்போதே இரத்த அணுக்களும் இரத்தப் படிவு வேகமும் சரியத் தொடங்கினால் உயிருக்கு ஊறு செய்யும் மேக்ரோஃபேஜ் கிளர்ச்சி நிலை நெருங்குகிறது என்று பொருள். நோயறிதலில் நிதானம் காக்கும் மருத்துவர் அப்போது மட்டும் விரைந்து சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும். ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் போதாதபோது இன்டர்லூகின்–1, இன்டர்லூகின்–6 ஆகியவற்றைத் தடுக்கும் மருந்துகள் கைகொடுக்கின்றன. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தட்டுப்பாட்டால் பெயர்பெற்ற டோசிலிசுமாப் இவற்றுள் ஒன்று. உறங்கும் காசநோயை இவை எழுப்பிவிடலாமாதலால், மருந்துக்குமுன் அதற்கான சோதனை மீண்டும் செய்யப்படுகிறது.

இவ்வாறு எட்டப்படும் முடிவு அன்றைய சான்றுகளுக்கு உட்பட்டது. சிகிச்சைக்குப் பின்னும் காய்ச்சல் தணியாவிட்டாலோ புதிதாய் ஒரு கணு வீங்கினாலோ, முன்பு விலக்கப்பட்ட நோய்களின் பட்டியலை மருத்துவர் முதலிலிருந்து திரும்பப் பார்க்கிறார்; ஆகவே பழைய பரிசோதனை அறிக்கைகளையும் காய்ச்சல் குறிப்பேட்டையும் நோயாளி பத்திரப்படுத்தி ஒவ்வொரு முறையும் கொண்டுசெல்வது நோயறிதலிலேயே பங்கேற்பதாகும்.