மேற்கோள் குறியும் கணினி முனையமும்

பிறர் கூற்றை நம் கூற்றினின்று பிரித்துக் காட்டுவது மேற்கோள் குறி. "என்று" எனும் சொல்லால் கூற்றின் முடிவை உணர்த்தும் தமிழுக்கும், அதன் தொடக்கத்தைக் காட்ட இக்குறி துணையாகிறது. அச்சில் தொடக்கத்திற்கு ஒன்றும் முடிவிற்கு ஒன்றுமாக வளைந்து நிற்கும் இக்குறி, எழுத்து மட்டுமே காட்டும் கணினி முனையத்தில் சில வேளைகளில் பொருளற்ற மூன்று உருக்களாகச் சிதைவதைக் காண்கிறோம். காரணம் யாது?

1963-இல் வெளியான ஆஸ்கி குறிமுறையில் இடங்கள் 128 மட்டுமே. இரட்டை மேற்கோளுக்கு 34 என்னும் ஒரே எண். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் ஒரே நேர்க்கோட்டு வடிவம். பின்னர் வந்த யூனிகோடு, வளைந்த குறிகளுக்குத் தனித்தனி எண் வழங்கியது. 1992-இல் வகுக்கப்பெற்ற யுடிஎஃப்-8 முறையில் அக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் செல்கிறது. தமிழின் ககரமும் அவ்வாறே. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்க முனையம் அறியாவிடில் உரு சிதையும். அறிந்திருந்தும் எழுத்துருவில் அவ்வடிவம் இல்லையெனில் வெறுங்கட்டமே தோன்றக்கூடும்.

ஆகவே, அனுப்பும் நிரலும் முனையமும் ஒரே குறிமுறையைக் கொள்ளுமாறு நாம் அமைத்தல் வேண்டும். எழுத்துருவும் அதற்கு ஏற்றதாதல் வேண்டும். இயலாவிடத்து நேர்க்கோட்டுக் குறியே போதும். அழகு குறையலாம், சொன்னவர் யார் என்பது மயங்கலாகாது.