இருவர் சைக்கிளில் மூணாறு வரை

“இந்த வயதில் இதெல்லாம் தேவையா?” என்று வீட்டில் கேட்டார்கள். சங்கத்திலும் கேட்டார்கள். சென்ற டிசம்பரில் நானும் என் நண்பரும் பாலக்காட்டிலிருந்து மூணாறு வரை டாண்டம் சைக்கிளில், அதாவது இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளில், போனோம் என்று தெரிந்ததும் நமது மலரின் ஆசிரியர் கட்டுரை கேட்டார். மலையழகைப் பற்றி எழுதுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் எழுதப் போவதோ வண்டி பழுதான கதை. அதில் என் தவறும் உண்டு. அதை மறைத்து எழுதினால் கட்டுரையால் யாருக்கும் பயன் இல்லை.

முதலில் என் நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் என்னுடன் பாலக்காடு கோட்டத்தில் பணியாற்றியவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ரயில் பரிசோதகராக இருந்தார். டி.எக்ஸ்.ஆர். என்றால் ரயில்வேக்காரர்களுக்குப் புரியும். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது பிளாட்பாரத்தின் முனையில் நின்று, ஒவ்வொரு பெட்டியும் கடந்து போகையில் கண்ணாலும் காதாலும் சோதிப்பது அவர் வேலை. சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகிவிட்டால் ‘டக், டக்’ என்று ஒரே சீராக அடிக்கும். தொங்கும் கம்பி வேறு மாதிரி ஒலிக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்.

ஓய்வு பெற்ற பின் கண் நீர் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இப்போது வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். “மத்தது எல்லாம் பழகிப்போச்சு தம்பி, சைக்கிள் ஓட்ட முடியலையேன்னுதான் இருக்கு” என்றார் ஒருநாள். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் இந்த டாண்டம்.

பின்னால் இருப்பவர் யார்?

டாண்டம் சைக்கிளில் முன்னால் இருப்பவர் கையில் ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் இருக்கும். பின்னால் இருப்பவர் மிதிக்க வேண்டும். வேறு எதுவும் அவர் கையில் இல்லை. ஆங்கிலத்தில் பின்னால் இருப்பவரை ‘ஸ்டோக்கர்’ என்கிறார்கள். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவருக்கும் அதே பெயர்தான். இதைச் சொன்னதும் என் நண்பர் சிரித்துவிட்டு, “அப்ப நீங்க டிரைவர், நான் ஃபயர்மேன்” என்றார்.

பாராலிம்பிக் சைக்கிள் பந்தயங்களில் பார்வையற்றோர் பிரிவு டாண்டமில்தான் நடக்கிறது. முன்னால் பார்வை உள்ளவர், பின்னால் பார்வை இல்லாதவர். நம் நாட்டிலேயே 2016இல் பார்வையற்றவர்களும் பார்வையுள்ளவர்களும் ஜோடி ஜோடியாக மணாலியிலிருந்து கர்துங் லா கணவாய் வரை டாண்டமில் ஏறினார்கள். அதோடு ஒப்பிட்டால் எங்கள் பயணம் சிறியது. பாலக்காடு, கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் எல்லை, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு; மூன்று நாள்.

கோவையில் ஒருவரிடம் பழைய டாண்டம் ஒன்றை வாங்கினோம். பின் சக்கரத்தின் ரிம் தேய்ந்திருந்தது. இத்தகைய வண்டிக்கு 40 அல்லது 48 போக்ஸ் கம்பிகள் உள்ள சக்கரம் வேண்டும். அது கிடைக்க நாளாகும், விலையும் அதிகம் என்று, சாதாரண சைக்கிளுக்குரிய 36 கம்பி ஹப்பையும் ரிம்மையும் வாங்கி நானே கோத்தேன். பட்டயப் படிப்புப் படித்தவன், வாழ்நாள் முழுவதும் சக்கரங்களோடு இருந்தவன், இதுகூடவா தெரியாது என்ற எண்ணம். என் முதல் தவறு அது.

சுற்றுக்கு ஒரு தரம்

முதல் நாள் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. டிசம்பரில் அது எதிர்பார்த்ததுதான். முதலமடை மாந்தோப்புகளைத் தாண்டி எல்லையைக் கடந்து பொள்ளாச்சியில் தங்கினோம். மறுநாள் உடுமலை. அதற்கப்பால் ஒன்பதாறு சோதனைச் சாவடியிலிருந்து சின்னாறு வழியாகச் செல்லும் காட்டுப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் வண்டியை ஒரு சிறு லாரியில் ஏற்றிக் கடந்து, மறையூருக்குச் சற்று முன்னால் இறங்கிக்கொண்டோம்.

மறையூர் ஏற்றத்தில்தான் அவர் முதலில் சொன்னார்: “தம்பி, பின் சக்கரத்துல ஒரு ‘டிக்’ வருது. சுத்துக்கு ஒரு தரம்.”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. “பெடல் சத்தமா இருக்கும் அண்ணே” என்றேன்.

“பெடலை நிறுத்தினாலும் வருதே.”

நான் பதில் சொல்லவில்லை. இரவு மறையூரில் வெல்லம் போட்ட சுக்குக் காபி குடிக்கையில் மறுபடி சொன்னார். காலையில் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போனதும் மூன்றாம் முறை சொன்னார். “பையோட பக்கிள் தட்டுது அண்ணே” என்று சொல்லி மிதித்தேன். வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

லக்கம் நீர்வீழ்ச்சியைத் தாண்டி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு செங்குத்தான வளைவில், மிகச் சிறிய கியரில் இருவரும் எழுந்து நின்று மிதித்தபோது ‘டங்’ என்று ஒரு சத்தம். பின் சக்கரம் பாம்பு போல் நெளிந்து பிரேக் கட்டையில் உரசி நின்றது.

ஏன் உடைந்தது?

வலப்பக்கம், ஃப்ரீவீல் இருக்கும் பக்கத்தில் ஒரு போக்ஸ் கம்பி ஹப்பின் அருகே, வளைவில், கத்தரித்தது போல் உடைந்திருந்தது. எடை தாங்காமல் அறுந்தது என்று பலரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. சைக்கிள் சக்கரம் இழுத்துக் கட்டிய கம்பிகளால் நிற்கிறது. சுமை ஏறும்போது கீழே வரும் கம்பிகளின் இறுக்கம் குறைகிறது. சக்கரம் திரும்பியதும் மறுபடி விறைக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 சுற்று. பாலக்காட்டிலிருந்து அந்த வளைவு வரை ஐம்பதாயிரம் தடவையாவது ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து விறைத்திருக்கும். நாங்கள் இருவர், வண்டி, பைகள் எல்லாம் சேர்ந்து 176 கிலோ. ஒருவர் ஓட்டும் வண்டிக்கான 36 கம்பிகள் அதைச் சுமந்தன. போதாததற்கு நான் கோத்ததில் இறுக்கமும் சீராக இல்லை.

உலோகம் இப்படிச் சோர்ந்து உடையும் என்பதை உலகம் கற்றுக்கொண்டதே ரயிலால்தான். 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு உடைந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சோதித்து, தாங்கக்கூடிய எடைதான் என்றாலும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பு விரிசல் விடும் என்று நிறுவினார். இதைப் பாடமாகப் படித்து, பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்குச் சொல்லியும் கொடுத்தவன் நான்.

“ஜீப் கூப்பிடலாமா அண்ணே?” என்றேன்.

“கூப்பிடலாம் தம்பி. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். மூணு தரம் சொன்னேன். கண்ணு போனவனுக்குக் காதும் போச்சுன்னு நினைச்சுட்டீங்களா?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “தப்பு என்னுதுதான் அண்ணே” என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, வண்டியைக் கவுத்துப் போடுங்க” என்றார்.

காது பார்த்த வேலை

உட்கார்ந்து, வால்வு இருந்த இடத்தில் தொடங்கி ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டினார். இறுக்கமான கம்பி ‘ணிங்’ என்கிறது; தளர்ந்தது ‘தப்’ என்கிறது. ஏழெட்டுக் கம்பிகள் பேசவே இல்லை. வலப்பக்கம் ஒன்றைத் தொட்டவர், அதன் வளைவில் நகத்தை ஓட்டி, “இதுவும் போகப் போகுது, பாருங்க” என்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மயிரிழை போல விரிசல்.

என்னிடம் மாற்றுக் கம்பிகள் இருந்தன. ஆனால் வலப்பக்கம் புதுக் கம்பி கோக்க ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி பாலக்காட்டில் என் மேஜையில் இருந்தது!

சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. கடைக்காரர் நம் தமிழர்தான். தோட்ட வேலைக்குத் தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பம். கடையின் பின்னால் அவர் தகப்பனாரின் பழைய பெரிய சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் சக்கரம் 28 அங்குலம், ஆகவே கம்பிகள் நீளமானவை. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். “எத்தனை வேணுமோ எடுத்துக்குங்க ஐயா” என்றார். துரு அதிகம் ஏறாத இரண்டை எடுத்தோம். கட்டிங் பிளேயரால் தலைப்பக்கம் வெட்டி, முனையை இரண்டு மடிப்பாகக் கொக்கி போல் வளைத்தால், ஃப்ரீவீலைக் கழற்றாமலே ஹப்பின் துளையில் மாட்டிவிடலாம். மறு முனை பழைய நிப்பிளிலேயே ஏறியது. இது நிரந்தர வேலை அல்ல. ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும்.

பிறகு பெண்டு எடுக்கும் வேலை. நான் நிப்பிளைத் திருக, அவர் கம்பியை மீட்டி, “இன்னும் கால் சுத்து... போதும்... அடுத்தது” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இறக்கத்தில் நடந்தோம்

சக்கரம் ஓரளவு நேரானது. ஆனாலும் பிரேக் கட்டையில் உரசாமலிருக்கப் பின் பிரேக்கைத் தளர்த்த வேண்டியிருந்தது. முன் பிரேக் ஒன்றை நம்பி டாண்டமில் மலை இறங்கலாமா? கணக்குப் போட்டேன். 176 கிலோ எடை 300 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தி சுமார் 5 லட்சம் ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவு சூட்டில் பெரும்பகுதி ரிம்மில் ஏறினால் டியூப் வெடிக்கும். அதனால்தான் மலைக்குப் போகும் டாண்டங்களில் டிரம் பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ தனியாக வைக்கிறார்கள்.

ஏற்றங்களில் மெதுவாக மிதித்தோம். இறக்கங்களில் இறங்கி நடந்தோம். அவர் பின் ஸீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ராஜமலைப் பக்கம் பனி இறங்கியது. இருட்டுகிற நேரத்தில் மூணாறு கடைத்தெரு விளக்குகள் தெரிந்தன. “வந்துட்டோம் அண்ணே” என்றேன். “தெரியுது, பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கறான்” என்றார். திரும்பி வந்தது பஸ்ஸில். வண்டி லாரியில் வந்தது.

நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதாக அறிகிறேன். அவர்களுக்குச் சொல்வது இதுதான். ஃப்ரீவீல் கழற்றும் கருவி, இரு பக்கத்துக்கும் ஏற்ற கம்பிகள், நிப்பிள் சாவி, கட்டிங் பிளேயர், கொஞ்சம் கட்டுக் கம்பி இவற்றை மறக்காதீர்கள். கிளம்புமுன் கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள். புதிய சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பத்து நிமிடம்தான் போகும். உங்களுக்குக் கேட்காத சத்தம் கூட வருபவருக்குக் கேட்டால், அதற்கும் நிறுத்துங்கள்.

இப்போது பின் சக்கரத்தில் 48 கம்பிகள் உள்ளன. இறுக்கம் பார்த்தது நான் அல்ல, அவர். அடுத்த முறை போடி வழியாகப் போகலாம் என்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.